மீரா முகைதீனின் சாரமும் ஒரு பயந்த நாயும்

நுரைச்சோலையில் மீரா முகைதீன் நானாவோடு பேசிப் பழகாதவர்கள் இருக்கலாம். அவர் எதையாவது கழுவிக்கொண்டிருப்பதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மண்வெட்டியைக் கழுவுவார். அதன் பிடியைத் தனியாகக் கழுவுவார். மருந்தடிக்கும் டாங்கியைக் கழுவிவிட்டு, கழுவிய வாளியையும் கழுவிக் கவிழ்ப்பார். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு எடுப்பது கடமை. இது அதற்கு மேல் அவராகவே தலையில் ஏற்றிக்கொண்டது. தொண்ணூறாம் ஆண்டு எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது அவருக்கு வயது பத்தொன்பது. அகதி முகாமில் ஒரே ஒரு கிணறு, அதைச் சுற்றி நூறு குடும்பம். அரை வாளித் தண்ணீருக்கு அரை நாள் நின்ற ஆத்திரம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்பது மனைவி சித்தி ஸுலைஹாவின் கணிப்பு.

"அப்ப கழுவக் கிடைக்காததையெல்லாம் மனிசன் இப்ப சேத்து வச்சுக் கழுவுறார்," என்பார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு நாய் வந்து சேர்ந்தது என்றால் அந்தப் பாவம் கழுதைகளையே சேரும்.

வீட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மணல் தோட்டம். சின்ன வெங்காயமும் மிளகாயும் போடுவார். யாரும் கட்டிவைக்காத கட்டாக்காலிக் கழுதைகள் அங்கே தின்ன வருவதில்லை. தின்றாலாவது பசி என்று மன்னித்துவிடலாம். அவை புரள வருகின்றன. கொத்தி, எருப் போட்டு, தண்ணீர் விட்டுப் பதமாக வைத்திருக்கும் பாத்தியைக் கண்டால் போதும், கழுதைக்கு முதுகு அரிக்கத் தொடங்கிவிடும். நாலு காலையும் வானத்துக்குக் காட்டி ஒரு புரளல், எழுந்து ஒரு உதறல், அவ்வளவுதான். அந்தப் பாத்தியில் இருந்த வெங்காய நாற்று முழுக்க மண்ணோடு மண். கம்பி வேலி போட்டார். கழுதைகள் அதில் உரசிச் சொறிந்துகொண்டு உள்ளே வந்தன.

டீசலுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. பட்டத்தை உடம்பில் கட்டிக்கொண்டு பலகையில் கடல் மேல் ஓட வரும் வெள்ளைக்காரர்களுக்காகக் கற்பிட்டிப் பக்கம் நடந்த ஒரு சின்ன விடுதிக்கு நானா மரக்கறி கொடுத்து வந்தார். விடுதியை நடத்திய வெள்ளைக்காரன் ஒரு நாள் விமானம் ஏறிவிட்டான். நாயை விட்டுவிட்டுப் போய்விட்டான். விடுதியைப் பார்த்துக்கொண்ட அன்ரனிப்பிள்ளை எங்கேயோ பெற்றோல் தேடி, ஆட்டோவில் நாயை ஏற்றிக்கொண்டு தோட்ட வாசலில் வந்து நின்றார்.

"நானா, இது சும்மா நாயில்ல. கிரேஹவுண்ட். ரேஸ் ஓடுற சாதி. கழுதை என்ன, கழுதையின்ட நிழல்கூட இனி உங்கட தோட்டத்துக்க வராது."

நாய் வரப்போவது தெரிந்து நானா முதல் நாளே பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு வைத்திருந்தார். தோட்டக் காவலுக்கு நாய் வைக்கலாம், வீட்டுக்குள் விடவேண்டாம் என்று மௌலவி சொன்னார். காய்ந்த உடம்பு பட்டால் பரவாயில்லை. மூக்கின் ஈரமோ எச்சிலோ பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்த்து. "தெரியும்தானே நானா?" என்றார்.

"கழுவுற கதைய எனக்கா சொல்லித் தாறீங்க?" என்று நானா சிரித்துவிட்டு வந்திருந்தார்.

ஆட்டோவிலிருந்து இறங்கியது நாயா, நாய்க்கு அடித்த கூடாரத்தின் கம்புகளா என்று தெரியவில்லை. முழுக்க கால். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். மூஞ்சி நீண்டு, காது பின்னால் ஒட்டி, வால் வயிற்றுக்கடியில் போயிருந்தது. வந்த முதல் மணித்தியாலத்திலேயே கழுத்துப் பட்டியிலிருந்து தலையை உருவிக்கொண்டது. இந்தச் சாதிக்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம் என்பதை அன்ரனிப்பிள்ளை சொல்லவில்லை. உருவியது ஓடி தண்ணீர் மோட்டார் கொட்டிலின் பின்னால் போய்ப் படுத்தது. படுத்தது படுத்ததுதான்.

வெள்ளைக்காரன் வைத்த பெயர் யாருடைய வாயிலும் நுழையவில்லை. சோறு வைக்கும்போது நானா "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டார். அதுவே பெயராகிவிட்டது. கூப்பிட்டால் வராத நாய்க்கு எந்தப் பெயர் இருந்தால் என்ன?

காலையும் மாலையும் மீன் தலையும் சோறும் கலந்து கொண்டுபோவார். குனிந்து பாத்திரத்தை வைப்பார். வைக்கும்போதே மற்றக் கையால் இடுப்பில் கட்டிய சாரத்தின் ஓரத்தை முழங்காலுக்கு மேல் வெடுக்கென்று தூக்கிக்கொள்வார். ஈர மூக்குத் துணியில் பட்டுவிடக்கூடாதே. நாய் தரையோடு தரையாக ஒட்டி, கண்ணை இறுக மூடி நடுங்கும். அவர் தலை மறைந்த பிறகுதான் சாப்பிடும். ஒரு கிழமை, ஏழு நாளும் இப்படி. இரண்டாம் கிழமையும் இப்படியே. மெல்லப் பேசிப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். மாட்டெலும்பு வாங்கிப் போட்டார். அது எலும்பையும் பயந்து பார்த்தது.

"அல்லாஹ்வே, நான் உனக்கு என்ன செஞ்சன்?" என்று ஒரு நாள் நடுத் தோட்டத்தில் நின்று கத்தியே விட்டார். நாய் கொட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய்விட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? றோட்டால் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "நானா, வாயில்லாச் சீவனுக்குச் சோறு போடுறல்லியா? எலும்பு தெரியிதே," என்று கேட்டார்கள். இந்தச் சாதியே அப்படித்தான் என்று பத்துப் பேருக்கு விளக்கினார். பதினோராவது ஆளுக்கு, "ஓம், நான்தான் பட்டினி போடுறன், போங்க," என்றார்.

சித்தி ஸுலைஹாவுக்கு மட்டும் நாய் மேல் இரக்கம் இருந்தது, தூரத்திலிருந்து.

"நாங்களும் இஞ்ச வந்த புதுசில இப்பிடித்தானே? நீங்க ஆறு மாசம் வாசலுக்குப் பக்கத்திலயே படுத்தீங்க."

"அதுக்கு? நானும் நாயும் ஒண்டா?" என்று சீறிவிட்டுப் போய் வாளியைக் கழுவினார்.

மூன்றாம் கிழமை கழுதைகள் வந்தன. விடியலில் சுபஹுத் தொழுது வந்த நானா பார்த்துக்கொண்டிருக்கவே, ஒரு கிழட்டுக் கழுதை வேலியில் முதுகைத் தேய்த்துவிட்டு நிதானமாக உள்ளே வந்தது. நாய் எழுந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு ஓட்டத்தை அவர் கண்டதில்லை. கால் நிலத்தில் படுகிறதா என்றே தெரியவில்லை. ஒரே குறை, அது கழுதைக்கு எதிர்ப்பக்கமாக ஓடியது. வேலியைத் தாண்டி, ஒழுங்கைப் பாதைக்குள் பாய்ந்து, மத்ரஸாவுக்குப் போன பிள்ளைகளுக்கு நடுவால் பறந்து மறைந்துவிட்டது. கழுதை ஆறுதலாகப் புரண்டு முடித்தது. நானா சைக்கிளை எடுத்துக்கொண்டு, அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தலைக்கு மேலே தெரிகிற இடம் வரை தேடிப் போனார். வெயில் ஏறியபின் வெறுங்கையோடு திரும்பினால், நாய் கொட்டிலின் பின்னால் படுத்திருந்தது.

அந்தப் பின்னேரமே பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழை இல்லை. பிடிபடாத நாய், ஊசி போடாத நாய், பிள்ளைகள் போகிற வழி. அடுத்த வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் பாடசாலை மைதானத்தில் விசர்நாய்த் தடுப்பூசி போட வருகிறார்கள். அன்றைக்கு நாயைக் கொண்டுவந்து ஊசி போட்டு அட்டையைக் காட்டவேண்டும். இல்லையென்றால் நாய் ஊரில் இருக்க ஏலாது. பன்னிரண்டு நாள் இருந்தது.

நானா அன்ரனிப்பிள்ளைக்குப் போன் எடுத்தார். விடுதியை மூடிவிட்டுச் சிலாபத்தில் தங்கச்சி வீட்டில் இருப்பதாக அவர் சொன்னார்.

"திருப்பித் தந்தா எடுக்கிறன் நானா, ஆனா வச்சிருக்க இடமில்ல. பாலாவிச் சந்தியில எங்கயாவது இறக்கி விடுறதுதான்."

பாலாவிச் சந்தியில் லொறியும் பஸ்ஸும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகும். ஹோர்ன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாத நாய் அங்கே ஒரு பகல் தாங்காது. உபயோகமில்லாத சவம், போனால் போகட்டும் என்று நானா வாயால் சொன்னார். சொன்னது தன் காதில் விழுந்தபோது அவருக்கே பிடிக்கவில்லை.

மூன்று நாள் வீணாகப் போனது. ஊசிக்காரர்களைத் தோட்டத்துக்கு வரச் சொல்லிக் கேட்டார். பிடித்துக் கொடுத்தால் குத்துவோம் என்றார்கள். வலை போட்டுப் பிடிக்கலாம் என்றார் ஒருவர். வலையைக் கண்டால் இது அந்த இடத்திலேயே செத்துவிடும் என்று நானாவுக்குத் தெரியும்.

நாலாம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். கோபப்படவும் அலுத்துப் போயிருந்தது. பக்கத்துத் தோட்டத்து அருமைநாயகம், சண்டைக்காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், ஸ்பானர் ஒன்று கேட்டு வந்தார். தாழ்ந்த கம்பி வேலி. அதைக் கடக்க அவர் சாரத்தை ஒரு கையால் முழங்காலுக்கு மேல் தூக்கினார்.

ஐம்பது கஜம் தள்ளி, கொட்டிலின் நிழலில் நின்ற நாய் தொப்பென்று விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டது. கிடந்தபடியே மூத்திரம் பெய்தது.

விழுமுன் அருமைநாயகத்தின் முகத்தை அது பார்க்கக்கூட இல்லை. அந்தக் கையைத்தான் பார்த்தது. நானா மெல்ல எழுந்து தன் சாரத்தைத் தூக்கினார். எழ முயன்ற நாய் மறுபடி தரையோடு ஒட்டியது. கீழே விட்டார். கொஞ்ச நேரத்தில் தலை நிமிர்ந்தது. திரும்பத் தூக்கினார். திரும்ப விழுந்தது.

"என்ன நானா, உடம்புக்கு ஏதும் சரியில்லையோ?" என்று அருமைநாயகம் கேட்டார்.

"பேசாம நில்லு தம்பி," என்றவர் போனை எடுத்தார்.

அன்ரனிப்பிள்ளை இழுத்து இழுத்துச் சொன்னார். துரை போன பிறகு விடுதியில் இருந்த காவல்காரனுக்கு நாயைக் கண்டால் ஆகாது. சாரத்தைத் தூக்கினான் என்றால் அடுத்தது உதைதான். அதுவும் வயிற்றில்.

"இத ஏன் முதல்லயே சொல்லல்ல?"

"நீங்க கேக்கேல்லையே, நானா."

நானா போனை வைத்தார். மூன்று கிழமைக்கு மேலாக, ஒரு நாளைக்கு இரண்டு தரம், ஒரு கையால் சோற்றை வைத்து மறு கையால் அதற்கு உதையைக் காட்டியிருக்கிறார். நாய் பாத்திரத்தைப் பார்த்து வரும், சாரத்தைப் பார்த்துச் சாகும். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறி, கோபம் போக இடமில்லாமல் அவரிடமே திரும்பி வந்தது.

சாரத்தைத் தூக்காமல் இருப்பது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் முப்பது வருடப் பழக்கத்தோடு மல்லுக்கட்டிப் பார்க்கவேண்டும். அவர் மறந்தாலும் கை மறக்கவில்லை. அடுத்த நாள் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். அப்போதாவது கைக்கு வேலை இருக்கும். வைத்துவிட்டு அங்கேயே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாய் நாலு பாகம், ஒரு இருபத்துநாலு அடி, தள்ளி வந்து நின்றது. மூன்றாம் நாள் இரண்டு பாகத்துக்கு வந்து, அவர் இருக்கவே சாப்பிட்டது. அவருக்குத் தலை கால் புரியவில்லை. ஐந்தாம் நாள் மூக்கு முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது, ஈரம் மினுங்குவதைக் கண்ட கை தானாகப் போய்ச் சாரத்தை இழுத்தது. நாய் போயே போய்விட்டது. அடுத்த நாள் பகல் வரை கொட்டிலைவிட்டு அசையவில்லை.

"இந்தக் கைய வெட்டிப் போடணும்," என்று வீட்டுக்கு வந்து கத்தினார்.

"வெட்டினா எதால கழுவுவீங்க?" என்றார் சித்தி ஸுலைஹா.

இன்னும் மூன்று நாள். பழைய சாரம் ஒன்றை எடுத்துக் கட்டினார். இது போனால் போகட்டும் என்று கைக்குச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாய் வந்தது. கழுத்தை நீட்டியது. குளிர்ந்த மூக்கு முழங்காலில் அழுத்தமாகப் பட்டது. அவருடைய முதுகெல்லாம் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மணலை அள்ளி இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாய் முழங்காலை முகர்ந்தது, சாரத்தின் ஓரத்தை முகர்ந்தது, நிறைய நேரம் முகர்ந்தது. எச்சில் வடிந்து துணி நனைந்தது.

பிறகு கிணற்றடியில் ஏழு தரம். மின்சாரம் இல்லாத நேரம், டாங்கியிலும் தண்ணீர் இல்லை. வாளியால் அள்ளி அள்ளிக் கழுவினார்.

"பொழுது பட்டாச்சு, மஃரிபுக்குப் பாங்கு சொல்லப் போறாங்க, நீங்க இன்னும் மூணாம் தரத்தில நிக்கிறீங்க," என்று சித்தி ஸுலைஹா சத்தம் போட்டார். ஆனால் புதன்கிழமை அந்தப் பழைய சாரத்தைத் தானே கிழித்து, நாலு மடிப்பாக மடித்து, நாலு விரல் அகலத்தில் தலையை லேசில் உருவ முடியாத ஒரு பட்டி தைத்துக் கொடுத்தார். நானா அதைக் கட்டினார். நாய் நடுங்கியது, ஓடவில்லை.

வியாழக்கிழமை அரை மைல் நடை. மத்தியானத் தொழுகை லுஹருக்கு நேரே பள்ளிவாசலுக்குப் போய்விடலாம் என்று புதுச் சாரம் கட்டியிருந்தார். எவ்வளவு அனுபவப்பட்டாலும் மனிதன் திருந்துவதில்லை. நாய் பக்கத்திலேயே வந்தது. மைதான வாசல் வரைக்கும் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

உள்ளே நாற்பது ஐம்பது பேர். நாய் கொண்டுவந்தவர்கள் கொஞ்சம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மிச்சம். நானாவின் நாய் வருவதைக் கண்டதும் முன்னால் நின்றவர்கள் வழிவிட்டு விலகினார்கள். விலகியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், ஈரம் பட்டுவிடும் என்று, சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கினார்கள்.

நாய் நின்றது. இரண்டு பக்கமும் தூக்கிய சாரங்கள். அது கத்திய சத்தம் நாய்ச் சத்தமாக இல்லை.

"சாரத்தக் கீழ விடுங்க!" என்று நானா கத்தினார். "எல்லாரும் சாரத்தக் கீழ விடுங்கண்டு சொல்றன்!"

ஊர் சிரித்தது. ஒருவரும் விடவில்லை. நாய் பின்னால் இழுத்தது. பட்டி காதுவரை ஏறிவிட்டது. இன்னும் ஒரு இழுப்பு, தலை வெளியே வந்துவிடும். வாசலுக்கு வெளியே பெரிய றோட்டு. அவர் கயிற்றை இழுக்கவில்லை. இழுத்தால் போய்விடும் என்று தெரிந்து, கையைத் தளர்த்திவிட்டு, அசையாமல் நின்றார்.

"இந்தா," என்றார். "இந்தா. இந்தா."

நாய் வாசலைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்து, தன் உடம்பு முழுவதையும் அவருடைய காலோடு சாய்த்தது. பாரம் அவரை ஒரு அடி தள்ளியது. தலையை அவருடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில், புதுச் சாரத்தின் மடிப்புக்குள் புதைத்துக்கொண்டது. எச்சில் கணுக்கால் வரை வழிந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய கண் கலங்கியது. அதைத் துடைக்கவும் அவர் கையை எடுக்கவில்லை.

"ஹரி, ஹரி, அப்படியே நில்லுங்க," என்று சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு ஊசிக்காரர் வந்தார். குத்தியது நாய்க்குத் தெரிந்ததாகவே காட்டவில்லை. அட்டை எழுத நாயின் பெயரைக் கேட்டார்.

"இந்தா."

"எதை?"

"அதுதான் பேர். எழுதுங்க. சொந்தக்காரன், மீரா முகைதீன்."

வீட்டுக்கு வந்ததும் அட்டையை அலுமாரிக்குள் வைக்கச் சொல்லிச் சித்தி ஸுலைஹாவிடம் கொடுத்தார். லுஹருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். கிணற்றடிக்குப் போய், வேறு சாரம் மாற்றி, அதை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, புதுச் சாரத்தையும் காலையும் கழுவத் தொடங்கினார். மண் சேர்த்து ஒன்று. இரண்டு. மூன்று. வாயில் வந்த வசவையெல்லாம் நாய்க்கும் கழுதைக்கும் அன்ரனிப்பிள்ளைக்கும் ஊருக்கும் பங்கு வைத்துக்கொண்டே கழுவினார். நாலு. ஐந்து. ஆறாவது வாளியைத் தூக்கும்போதுதான், நாய் கொட்டிலுக்குப் போகாமல் இவ்வளவு நேரமும் பின்னால் நின்றுகொண்டிருந்ததைக் கண்டார்.

சாரம் முழங்காலுக்கு மேல் இருந்தது. அவருடைய கை கீழே இறக்கப் போனது. அதற்குள் நாய் எட்டி வந்து, ஐந்து தரம் கழுவிய வெறும் முழங்காலில் மூக்கை வைத்து, ஆறுதலாகச் சாய்ந்துகொண்டது.

"நாசமாப் போறதே, இன்னும் ரெண்டுதானே இருந்திச்சு," என்றார் மீரா முகைதீன். அது சாய்ந்து முடியும்வரைக்கும் நின்றார். பிறகு குனிந்து ஒரு பிடி மண் அள்ளி, ஒன்றிலிருந்து தொடங்கினார்.